அலசல் முடியும் வரை

வாட்டர் சாஃப்ட்னர் பழுதானால், பதறுகிறவர்கள்தான் அதை மேலும் கெடுத்துவிடுகிறார்கள். பழுது பார்க்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை சொல்வார்: வரிசையாகப் போ, ஒரு படியையும் தாண்டாதே. நான் சரியாகத்தான் செய்தேனா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அதை வடிக்கும் இயந்திரம்தான் வாட்டர் சாஃப்ட்னர்; அது வாரம் ஒருமுறை உப்புநீரால் தன்னை அலசிக்கொள்ள வேண்டும். அன்று அலசல் பாதியில் சிக்கிக்கொண்டது. பேஸ்மென்டில் கழிவுக் குழாய் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் லேலண்ட் நாற்பது பவுண்டு உப்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் இறங்கினான். "தள்ளு ப்ரொஃபசர். நோட்டப் பாத்துப் பாத்து நீ கிழிச்சது போதும். உப்பக் கொட்டி ரெண்டு தட்டு தட்டுனா தானா ஓடும்" என்றான். பாதி வழியில் கால் வழுக்கியது. மல்லாந்து விழுந்தான். மூட்டை அவன் நெஞ்சின் மேல் விழுந்தது.

"டேய் கேலன், இதத் தூக்குடா. மூச்சு முட்டுது. விலா ஒடஞ்சிருச்சு போல, கையத் தூக்க முடியல. ஆம்புலன்ஸக் கூப்பிடு."

எங்கள் ஊர் ஆம்புலன்ஸை ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் எல்லோரும் தேவாலயக் கூடத்தில் பான்கேக் சுட்டுக்கொண்டிருப்பார்கள். கல்லில் மாவு கிடக்கும்போது ஒருவரைக் கூப்பிடுவது எங்களுக்கு வழக்கமில்லை. சிறு வயதிலிருந்து லேலண்ட் "தள்ளு" என்றால் நான் தள்ளித்தான் நின்றிருக்கிறேன். "கொஞ்சம் பொறு" என்றேன்.

முதல் படி, மின்சாரம். பிடுங்கிச் செருகினேன். மாற்றமில்லை. இரண்டாவது, கழிவுக் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு அவன் கால்களைத் தாண்ட வேண்டியிருந்தது. மிதிக்கவில்லை.

மூன்றாவது, உப்புத் தொட்டி. மேலே உப்பு ஓடு போல இறுகியிருந்தது. விளக்குமாற்றுக் கம்பால் குத்தி உடைத்தேன். "வெளையாடாதடா" என்றான். பிறகு "ப்ளீஸ்" என்றான். என்னிடம் அவன் அந்தச் சொல்லைச் சொன்னதே கிடையாது. காதில் சரியாக விழுந்ததா என்று தெரியாமல் இன்னும் இரண்டு குத்து குத்தினேன்.

நான்காவது, உப்புநீரை உறிஞ்சும் துளை. தண்ணீரை அடைத்து, மூடியைக் கழற்றி, கசடை ஊசியால் எடுத்தேன். இருபது நிமிடம் ஆனது. அதற்குள் எப்போதோ லேலண்ட் பேச்சை நிறுத்திவிட்டான். எந்த நிமிடம் என்று குறித்து வைக்கவில்லை. அது என் கவனக்குறைவு.

ஐந்தாவது படிக்கு உப்பு வேண்டியிருந்தது. அப்போதுதான் மூட்டையைத் தூக்கினேன்.

அலசல் கடைசி வரை ஓடி, தானாக நின்றது. மேலே போய்க் கை கழுவினேன். சோப்பு நன்றாக நுரைத்தது. பதினொன்றரைக்கு, சாப்பாடு முடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகு, ஆம்புலன்ஸை அழைத்தேன். ஏழு நிமிடத்தில் வந்தார்கள். ஒருவர் சட்டையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

மூட்டையைத் தள்ளிவிடப் பத்து வினாடி போதும் என்கிறீர்கள், ஆபீசர். உண்மைதான். தள்ளாவிட்டால் செத்துப்போவான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தள்ளவில்லை. ஆனால் என் கை அவன் மேல் படவே இல்லை என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.