மாடி வீடும் என் கூச்சமும்

நான் கூச்ச சுபாவம் உள்ளவன், சார். என்னை இங்கே உட்காரவைத்து வெகு நேரமாகிறது, தாகமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க வாய் வரவில்லை. நீங்களாகக் கொடுத்தால் குடிப்பேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாகப் புரிந்துவிடும்.

எங்கள் தெரு ஊர்க்கோடியில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஊர் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. ரயில் நிலையம் வந்தது, அதன் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. அங்கே வேலைக்கு வந்தவர்களெல்லாம் எங்கள் தெருவில் அண்ணாந்து பார்த்தபடி நடப்பார்கள். மாடியில் துணி காயாத வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டுவார்கள். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் கார் ஷெட்டுக்கு ஜன்னல் வைத்து வாடகைக்கு விட்டார். காரைத் தெருவில் நிறுத்தி அதற்குள் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பால்காரர் பாலை விட்டுவிட்டு வீட்டுத் தரகராகிவிட்டார். தெருவில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான். பல் தேய்க்கும்போதுகூடச் சிரிப்பு வந்தது.

ஒரே ஒரு சங்கடம். என் மாடியில் தையல்காரரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள், பழைய வாடகைக்கு. கல்யாணமான புதிதில் வந்தவர்கள், தங்கமான மனிதர்கள். அவர் என்னை அண்ணன் என்பார், என் மனைவியை அண்ணி என்பார், எங்கள் துணிகளுக்குத் தையல் கூலி வாங்கவே மாட்டார். அப்படிப்பட்டவரிடம் போய், வாடகையை இரட்டிப்பாக்கு, இல்லையென்றால் காலி செய் என்று எந்த முகத்தோடு கேட்பது?

"வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் என் மனைவி. "எதிர்வீட்டுல கார் ஷெட்டுக்கு வாங்குறாங்க. நம்ம மாடிக்கு அதுல பாதி வருதா?"

"முகத்த முறிச்சுக்க வேணாம்மா. அவங்களாவே கெளம்புற மாதிரி பண்ணிடலாம்" என்றேன்.

முதலில் மாடிக்குப் போகும் குழாயின் வால்வை மூடினேன். தையல்காரர் இறங்கி வந்தார். "இத்தன வீட்டுக்கும் போர் போட்டா தண்ணி எங்கண்ணே நிக்கும்? நீங்க மனசு கஷ்டப்படாதீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். தெருக்குழாயில் பிடித்துவந்து என் வாசலிலும் ஒரு குடம் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்குள் தொட்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நான் நன்றி சொன்னேன்.

பிறகு மொட்டைமாடித் தளத்தைக் கொஞ்சம் கொத்திவிட்டேன். ஒழுகியது. அவர் சொந்தச் செலவில் பூசினார், அதோடு விடாமல் அறைகளுக்கு வெள்ளையும் அடித்தார். பால்காரத் தரகர் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப இதுக்கு இன்னும் கூடவே கெடைக்கும்" என்றார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அடுத்து மாடிக்குப் போகும் கரண்டைக் கெடுத்தேன். அவர் தையல் மிஷினின் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, காலால் மிதித்துத் தைத்தார். உடம்புக்கு நல்லதாம். நான் கெடுக்கக் கெடுக்க வீட்டின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது, சார். நானும் மனைவியும் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஆனால் சிரிப்பு வாடகை தராதே. எங்கள் மாடிப்படி வெளிப்பக்கமாக இருக்கிறது, இரும்புக் கைப்பிடி போட்டது. அது திரும்பும் இடத்தில் இரண்டு போல்ட்டுகள் உண்டு. அவர்கள் வெளியே போயிருந்த ஒரு பகலில் ஸ்பானரால் அவற்றைக் கழற்றிச் சட்டையின் உள்பைக்குள் போட்டுக்கொண்டேன். கைப்பிடி நின்றது நின்றபடியே இருந்தது, பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் இருவரும் சுவரோரமாகப் பேசிக்கொண்டே ஏறிப் போனார்கள். கைப்பிடி ஆடும், பயந்துபோவார்கள், இந்த வீடே வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்கள் என்பது என் கணக்கு. தோளில் துணி மூட்டையோடு இறங்கும்போது அவர் பாரம் முழுவதையும் அதன் மேல்தான் சாய்ப்பார் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் மூட்டையோடு மேல்படியில் வந்து நின்றார். "அண்ணே, ஒரு விஷயம். சொல்லவே கூச்சமா இருக்கு" என்றார்.

அங்கிருந்தே சொல்லச் சொல்லியிருக்கலாம். நானே மேலே போயிருக்கலாம். "நமக்குள்ள என்ன கூச்சம்? கீழ எறங்கி வந்து சொல்லுங்க" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது என்ன விஷயம் என்பதை, ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்த பிறகு அவர் மனைவி சொன்னார். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் வேறு வீடு பார்த்துவிட்டார்களாம். மாதக் கடைசியில் காலி செய்வதாக இருந்தார்களாம். "அண்ணன் வருத்தப்படுவாருன்னு சொல்லாமயே தள்ளிப் போட்டுட்டு இருந்தாரு" என்று அழுதார். அந்தக் கூச்சத்தை மட்டும் அவர் விட்டிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார்.

பால்காரத் தரகர் அப்போதே ஒரு புதுத் தம்பதியோடு வாசலில் வந்து நின்றார். நாளைக்கு வரச் சொன்னேன். துக்க வீட்டில் வாடகை பேசக் கூச்சமாக இருந்தது.

பிறகு நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். வியர்வை துடைக்க உள்பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தேன், இரண்டு போல்ட்டுகளும் கூடவே வந்து உங்கள் பூட்ஸுக்குப் பக்கத்தில் விழுந்தன. அந்த உள்பை அவர் தைத்தது. நான் கேட்காமலே வைத்துக் கொடுத்தார்.

ஆமாம், நான்தான் செய்தேன். கையெழுத்தும் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், சார். இத்தனை வருஷத்தில், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அவர் மனத்தை நான் நோகடித்ததே இல்லை.