வளையல் கழற்றிய கைகள்

கியர் சைக்கிளைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை மேடம். செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்த பல்லுக்கு மாறாமல் அடம்பிடித்தால் கடைக்கு ஓட வேண்டாம். சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். பின்சக்கரத்துப் பக்கம் கேபிள் போய் நுழைகிற இடத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதைக் கால் சுற்று திருப்பிவிட்டு, பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு அடங்கும் வரைக்கும் கால் கால் சுற்றாகத் திருப்பினால் போதும். அவசரம்தான் கூடாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் வைத்திருந்தால் உதவுமே என்று சொல்கிறேன்.

என் பெயர் தங்கம்மாள். வீடு மஞ்சக்குப்பம். மூன்று வாரத்துக்கு முன்னால் வெள்ளாற்றுப் பாலத்தில் மீன் வண்டி ஏறிச் செத்துப்போன வைத்திலிங்கம் என் புருஷன். விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. முதலில் அந்த டீயைக் குடியுங்கள், ஆறிப்போகிறது.

ரிட்டயர்டு ஆனதும் அவர் ஆசையாக வாங்கிய சைக்கிள் அது. கடலூரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை விடியலில் சிதம்பரம் வரைக்கும் மிதித்துப்போய், டிபன் சாப்பிட்டுத் திரும்புவார்கள். இவரும் சேர்ந்துகொண்டார். இரண்டாம் வாரமே கியர் மக்கர் செய்தது. சைக்கிளை ஓர் உதை உதைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மிக்ஸி, மோட்டார், இஸ்திரிப் பெட்டி எல்லாம் அந்த வீட்டில் நான் பார்ப்பதுதான். உலை கொதிக்கிற நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இருபது நாள் பிடித்தது. செயின் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குச் சுத்தமாக ஏறினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

தானே சரிசெய்ததாக அவர் வெளியில் சொல்லிக்கொண்டார். சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். பிறகு மற்றவர்களும் சைக்கிளைக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். “வெச்சிட்டுப் போ, நாளைக்கு வா” என்பார். மத்தியானம் நான் செய்து வைப்பேன். ஒருநாள் அவருடைய கூட்டாளி மணவாளன், நான்கைந்து பேரோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

“வெண்ணெ மாதிரி போவுது மாமா. எங்க கத்துக்கிட்டீங்க?”

“எல்லாம் கைப்பழக்கந்தான் மாப்ள.”

வடைத் தட்டோடு நின்ற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “பின்னாடி கொக்கி லேசா வளைஞ்சிருந்துது தம்பி, அதான்…”

“ஏய், பிரேக் எது, பெல்லு எதுன்னே தெரியாது ஒனக்கு. போயி வடைய திருப்பு, கருவுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய் வடையைப் பார்த்தேன். கருகவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த வீடியோ. ‘வீட்டிலேயே கியர் சரிசெய்வது எப்படி’ என்று எடுத்துப் போடச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். இவருக்கு எந்தத் திருகு எந்தப் பக்கம் என்றே தெரியாது. போனை என் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். “வளையல கழட்டு. பொம்பள கைன்னு தெரியுது” என்றார். முப்பத்து மூன்று வருஷம் கழற்றாத வளையல். சோப்பு போட்டு இழுத்தேன், மணிக்கட்டில் தோல் வழண்டுவிட்டது. கை என்னுடையது. பேசியது அவர். “இப்ப நான் என்ன பண்றேன்னா…” என்று.

ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள். ‘கையா அது, மந்திரம் சார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வீடியோ போடட்டும், பெயர் வாங்கட்டும். ஆனால் அதையெல்லாம் ஒன்று விடாமல் எனக்கே வாசித்துக் காட்டினார் மேடம். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நான் “அப்புடியா” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடி வாசிப்பார்.

அந்த வீடியோவின் கடைசியில் ஒன்று சொன்னார். “ஒவ்வொரு தடவையும் நானே என் கையால செக் பண்ணிட்டுத்தான் ஏறுவேன்.” அவர் பேச்சில் அதை மட்டும் நம்புவது என்று முடிவு செய்தேன்.

செயின் பெரிய பல்லைத் தாண்டிப் போய்ச் சக்கரக் கம்பிக்குள் விழுந்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்; அப்படி விழாமல் தடுக்க ஒரு குட்டி ஸ்குரூ உண்டு. சனிக்கிழமை மத்தியானம் அதைத் தளர்த்தினேன். கேபிளைக் கொஞ்சம் இறுக்கினேன். ஒளித்துச் செய்யவில்லை. லேசான கரகரப்பு கேட்கும். வேலை தெரிந்தவர் சைக்கிளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினால் போதும், கண்டுபிடித்துவிடுவார். கம்பிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டுகூட இருந்தது. அது இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. “சின்னப் புள்ளைங்க சைக்கிளுக்குத்தான் மாமா அது” என்று மணவாளன் கேலி செய்ததால் அதை எடுக்கச் சொன்னதும் என் புருஷன்தான். இதில் என் பங்கு எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.

இதோடு வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் காரியத்தன்று படத்துக்கு முன்னால் மணவாளன் தேம்பித் தேம்பி அழுதார். “ஊரு சைக்கிளையெல்லாம் கரெக்டா பண்ணிக் குடுத்தாரு அத்த. தன்னோடத பண்றப்ப எங்கயோ கை தவறிடுச்சு.” உங்கள் காகிதத்திலும் அதுவே இருக்கிறது. வீட்டில் அவரே பழுது பார்த்ததில் ஏற்பட்ட பிசகு என்று.

அவரே பார்த்ததாம். பிசகாம்.

முதலில் அரைச் சுற்று தளர்த்தினேன். கையால் சுற்றும்போதே செயின் விழுந்தது. அப்படி விட்டால், தெருமுனையில் சும்மா கியரை மாற்றிப் பார்த்தாலே விழுந்து முட்டிதான் தேய்ந்திருக்கும். கொஞ்சம் திரும்ப இறுக்கினேன். மெதுவாக மிதித்தால் செயின் பல்லிலேயே நிற்கும், அழுத்தி மிதித்தால் மட்டும் விழும். அந்த அளவு வருவதற்கு நான்கு தடவை கவிழ்த்துப் பார்த்தேன். வழி நெடுக அவர் பெரிய பல்லுக்குப் போவது ஒரே இடத்தில்தான், வெள்ளாற்றுப் பாலத்து ஏற்றத்தில். அங்கே எழுந்து நின்று மிதிப்பார். நான் பரங்கிப்பேட்டையில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மீன் வண்டிகள் எந்த வேகத்தில் அந்தப் பாலம் ஏறும் என்று எனக்குத் தெரியும். ஐந்து மணிக்குக் காபி கொடுத்தேன். குடித்தார், ஏறினார், போனார். சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியாதா என்ன.

வாசலில் உங்கள் கான்ஸ்டபிள் பெண் என் கையையே பார்த்தது. புருஷன் செத்து மாசம்கூட ஆகவில்லை, இதென்ன இத்தனை வளையல் என்று நினைத்திருக்கும். வேண்டுமென்றுதான் போட்டு வந்தேன். நான் சொன்னதையெல்லாம் வீடியோவாக எடுப்பீர்கள் அல்லவா? எடுக்கும்போது கை நன்றாகத் தெரிகிற மாதிரி எடுங்கள்.