ஒரு நாளைக்கு இரண்டு இறகு

பிடித்த மீனில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நானும் புஷ்பலதா அக்காவுக்கு ஒரு ராஜா மீன் கொடுத்தேன். அதன் தொண்டைக்குள் மாட்டியிருந்த கொக்கியைக் கழற்ற மறந்துவிட்டேன். கொக்கியில் சிவப்பு இறகு கட்டியிருந்தது. மீனை அரிந்த அக்கா அந்த இறகை அடையாளம் கண்டு, கழுவாத கையோடு உங்களிடம் வந்துவிட்டார். தலைவரே, கோயில் செயலவை கேட்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஆண்டு நான் ஃபிளை ஃபிஷிங் பழக ஆரம்பித்தேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இதில் குண்டு கிடையாது, கயிறே கனம். பின்னால் வீசி, அது முதுகுக்குப் பின்னே முழுசாக நீளும்வரை பொறுத்து, அப்புறம்தான் முன்னால் வீச வேண்டும். புதிதாகப் பழகுபவனுக்கு அந்தப் பொறுமை இருக்காது. முதல் மாதம் என் காதைப் பிடித்தேன். இரண்டாம் மாதம் அக்கா கொடியில் காயப்போட்டிருந்த கைலியைப் பிடித்தேன். மூன்றாம் மாதம் பத்துகாஜா பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குப் போனேன். கடையில் வாங்கிய கொக்கிகளை எல்லாம் கரையிலிருந்த மூங்கில் புதர் பிடித்துக்கொண்டது.

அதனால் நானே கட்டத் தொடங்கினேன். கொக்கியில் நீளமான இறகைக் கட்டி இழுத்தால் தண்ணீருக்குள் குட்டி மீன் நெளிவதுபோல இருக்கும். ராஜா மீன் ஆத்திரத்தோடு வந்து கவ்வும். சந்தைக் கோழியின் இறகு நனைந்தால் சுருண்டுவிடுகிறது. நன்றாக முற்றிய சேவலின் கழுத்திறகு வேண்டும். அப்படி ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

அது நேர்ந்துவிட்ட சேவல் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தன் கணவர் ஐயாவு அண்ணனின் இருதய அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தால், குறையில்லாத சேவல் ஒன்றைத் தருவதாக அக்கா முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டு வளர்த்தது. குறை என்றால் நொண்டி, குருடு என்று நான் எடுத்துக்கொண்டேன். இறகு மறுபடி முளைக்கக்கூடியது. சோற்றைக் காட்டினால் சேவல் வேலியோரம் வந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டே இறகு, பேராசைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை, நான் குட்டைக்குப் போய்விடுவேன்.

ஏழாவது வாரம் கழுத்து முடிந்தது. பத்தாவது வாரம் வாலும் முடிந்தது. மூசாங் பூனைதான் வந்து பிடுங்குகிறது என்று அண்ணன் கூண்டு கட்டினார். நான் கூடமாட நின்று உதவினேன். கதவை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டார். என் வேலிப் பக்கம் வைக்கச் சொன்னேன்.

கூண்டுக்குள்ளும் இறகு குறையவே அக்கா பயந்துவிட்டார்.

"முனியாண்டி இதை வேண்டாங்கிறாரு தம்பி. கடன் தீரலன்னா இவர் உசுருக்கு என்ன ஆகுமோ" என்று என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். காப்பி கலக்கிக் கொடுத்தேன்.

மூன்று நாள் அவர் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தார். அதைப் பார்த்த ஐயாவு அண்ணன் தாங்கமாட்டாமல், "நாந்தான்லா காரணம், லதா. ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுவாரமே சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சிட்டேன்" என்று ஒத்துக்கொண்டார். மருத்துவர் சொல்லியே நிறுத்தாதவர் அன்றோடு நிறுத்தினார். இதற்காக எனக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம். மொட்டைச் சேவலைக் கோயிலுக்குக் கொடுக்க முடியாது என்று பூசாரி சொன்னதால், அதுவும் இன்று உயிரோடு இருக்கிறது. ஆக, இரண்டு உயிர்.

வேறு சேவல் வாங்கச் சொல்லிப் பூசாரி வழி காட்டினார். அக்கா என்னிடம்தான் யோசனை கேட்டார்.

"இதுவும் செவப்பா வாங்கவா, தம்பி?"

"கறுப்பு வாங்குங்கக்கா. முனியாண்டிக்குக் கறுப்புன்னா ரொம்பப் பிடிக்கும்."

முனியாண்டியின் விருப்பம் எனக்கு நேரடியாகத் தெரியாது. மழைக்காலத்தில் குட்டை கலங்கினால் ராஜா மீன் கறுப்பைத்தான் கவ்வும்.

செய்தது எல்லாம் நான்தான், தலைவரே. மனப்பூர்வமாக வருந்துகிறேன். செயலவை என்ன பரிகாரம் சொன்னாலும் செய்கிறேன். ஆனால் திருவிழாவுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அக்காவோ இந்தச் சேவலுக்காவது ஒன்றும் ஆகக்கூடாது என்று தூக்கமில்லாமல் தவிக்கிறார். அதுவரை கறுப்புச் சேவலை என் வீட்டில் வைத்து நானே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வாரமாக என் கையில்தான் தின்கிறது.