கொடைக்கானலில் மட்டும் தங்கச்சி

அம்பாசமுத்திரத்தில் பிள்ளைகளோடு ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த பெண், பஸ் நகர்வதற்குள் கணவரிடம் கேட்டாள்:

"அப்பம் ஒரு வாரத்துக்கு நான் உங்க ஆபீஸ் ஜெபராஜ் சாருக்குத் தங்கச்சியா?"

"ஏளா, பைய பேசு. அந்தக் கொடைக்கானல் விடுதியில வருசத்துக்கு ஒரு வாரம் அவருக்குப் பாத்தியதை. இந்தத் தடவை நமக்கு வாடகைக்கு விட்டிருக்காரு. ஆனா சொந்தக்காரங்களை மட்டும்தான் உள்ள விடுவாங்களாம். தங்கச்சி குடும்பம் வருதுன்னு நேத்தே எஸ்.டி.டி. பூத்துல இருந்து போன் போட்டுச் சொல்லிட்டாரு."

"அவிய வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவிய. என் குங்குமத்தைப் பாத்துட்டு யாரு நம்புவா?"

அவர் கைக்குட்டையால் தன் நெற்றி விபூதியைத் துடைத்துவிட்டு, அவள் நெற்றியைப் பார்த்தார்.

"நீங்க உசுரோட இருக்கையில நான் பொட்டை அழிக்கணுமாக்கும்?"

பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். வீரவநல்லூர் தாண்டி, சேரன்மகாதேவியில் அவரே மறுபடி ஆரம்பித்தார்.

"ஒண்ணு செய்வோம். நீ என்னைக் காதலிச்சு, வீட்டை எதுத்து ஓடியாந்துட்டன்னு சொல்லிருவோம். பொட்டும் இருக்கலாம், விபூதியும் இருக்கலாம்."

"விடுதி மேனேஜர் நம்பலைன்னா? அந்தக் குளிர்ல பிள்ளைகளைக் கூட்டிட்டு எங்க போய் நிக்க?"

"ஏன் நம்பாம?"

அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"உங்களுக்காக ஒருத்தி வீட்டை விட்டு ஓடியாந்தான்னா, எனக்கே நம்பிக்கை வரலையே."