மெக்கானிக் மகள் செய்த எஞ்சின்

ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பேருந்து. என் முன் இருக்கையில் ஒரு லாரி மெக்கானிக், கைபேசியைப் பிடித்தபடி பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“எம்புள்ள செஞ்ச எஞ்சின் பத்து மாசமா விண்வெளியில தூங்குதுங்க. இன்னிக்குத்தான் ஸ்டார்ட் பண்றாங்க.”

“பொட்டப்புள்ள செஞ்சது ஓடுமாக்கும்?”

அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

“ஓடலைன்னா யாருங்க போய் ரிப்பேர் பாக்கறது? அவளோட எட்டு வருச உழைப்பு போச்சுங்க.”

மல்லூர் தாண்டியதும் மகளிடமிருந்து அழைப்பு வந்தது.

“ஆயிருச்சா சாமி? சத்தம் எப்படி இருந்துச்சு?”

பதிலைக் கேட்டவர் பக்கத்து ஆளிடம் திரும்பினார்.

“ஓடுதாமுங்க. அங்க காத்தில்லையாம், சத்தமே வராதாம். முப்பது வருசமா சத்தத்தக் கேட்டுத்தான் நான் எஞ்சின் பாக்கறனுங்க. இவ கம்ப்யூட்டர்ல வர்ற நம்பரப் பாத்தே ஓடுதுங்கறா!”