குட்டை சாரின் மணி

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. பேய்க்கு ராத்திரிதான் டியூட்டி என்று யார் சொன்னது? சாலையில் ஈ காக்கா இல்லை. என் நண்பனின் அக்கா கணவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். நாங்களும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாவது வாரமாக லீவு நாசம். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனார்.

அங்கே அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. பழைய கட்டடத்தை மூடி, நோயாளிகளைக் காலையில்தான் புதியதற்கு மாற்றியிருந்தார்கள். டேட்டாபேஸில் எல்லோருடைய படுக்கை எண்ணையும் மொத்தமாக மாற்ற வேண்டும். ஒரே தொல்லை... ட்ரிக்கர். ஒருவர் எண் மாறினால் நர்ஸ் அறையில் தானாக மணி அடிக்கும். நர்ஸ் போய், அந்தப் படுக்கையில் ஆள் இருக்கிறாரா என்று நேரில் பார்த்து மணியை நிறுத்தினால்தான் அடுத்த எண் மாறும்.

அந்தப் புரோகிராமை எழுதி வைத்தவர் குட்டை சார். அத்தானுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். இறந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்த அன்றைக்கே அத்தான் செய்த முதல் வேலை, அவர் நாற்காலியை ஒரு முழம் உயர்த்தியதுதான். சிரிக்காதீர்கள்.

"முந்நூறு தடவை மணி அடிச்சா விடிஞ்சிடும்!" அத்தான் ட்ரிக்கரை அணைத்தார். ஒரே தட்டு. எல்லா எண்களும் மாறிவிட்டன.

போன் வந்தது. பழைய கட்டடத்தைப் பூட்டப் போன நர்ஸ்.

"சார், இங்க மணி அடிக்குது."

"அதை அணைச்சாச்சு சிஸ்டர்! வயரைப் பிடுங்கிடுங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன்.

"பிடுங்கிட்டேன் சார்... இன்னும் அடிக்குது."

போனில் அத்தானுக்கே கேட்டது. ட்ர்ர்ர்ர்... விடாமல்.

தன் அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "ஒரு வேலையாவது உருப்படியா முடியுதா இங்க!"

பழைய கட்டடத்து வராந்தாவில் பினாயில் வாடை. நர்ஸ் கையில் மணி, வயர் சும்மா தொங்குகிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. நடக்க நடக்கச் சத்தம் கூடியது. எக்ஸ்ரே அறை வாசலில்... சட்டென்று நின்றது.

கதவைத் திறந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மா. காலையிலிருந்து அங்கேயே. உதடு வெடித்து, அரை மயக்கத்தில். கம்ப்யூட்டரில் அவர் புதிய கட்டடத்தில் சுகமாகப் படுத்திருந்தார். யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

இரண்டு மடக்குத் தண்ணீர் இறங்கியதும் கேட்டார்.

"அந்தக் குள்ளமான தம்பி எங்க? ஒரே கோவம் அவருக்கு. 'இதுக்குத்தானே எழுதி வெச்சேன், இதுக்குத்தானே எழுதி வெச்சேன்'னு தலையில அடிச்சுக்கிட்டே இருந்தாரு."

அத்தான் ஓடினார். அறைக் கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தார். ட்ரிக்கர் மறுபடி போடப்பட்டிருந்தது.

நாற்காலி... அடிமட்டம் வரை இறக்கி வைத்திருந்தது.