தம்பி வந்தால் நெட் போகும்

வீடு கட்டுகிறவர்கள் செருப்புக்கு அலமாரி யோசிக்கிறார்கள், துடைப்பத்துக்கு மூலை யோசிக்கிறார்கள். ரவுட்டருக்கு என்று ஓர் இடத்தை யாரும் யோசிப்பதில்லை. டிவிக்குப் பின்னால் தள்ளி, தூசி படியாமலிருக்க மேலே ஒரு துணியும் போர்த்திவிட்டு, படுக்கையறையில் சிக்னல் வரவில்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் ரவுட்டரை வெளியே எடுத்து வைப்பேன். அதுதான் வைத்தியம். ஆனால் அதைச் சொன்னால் முகம் வாடிவிடும். அதனால் லேப்டாப்பைத் திறந்து கொஞ்ச நேரம் எதையாவது தட்டுவேன். தட்டுவதைப் பார்த்தால்தான் அவர்களுக்கு மனசு நிறையும். இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, வயரைப் பற்றிக் கொஞ்சம், மனிதர்கள் எதை நம்புவார்கள் என்பதைப் பற்றி நிறைய.

நீங்களும் விதிவிலக்கில்லை. சற்று முன் இந்த ஸ்டேஷன் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டீர்கள். கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லை. சுவரோரம் வயரின் மேல் பீரோவின் கால் ஏறி நிற்கிறது. பிறகு நகர்த்திக்கொள்ளுங்கள்.

எஞ்சினியர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கீழே அலுவலகம், மேலே குடித்தனம். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற சின்ன அலுவலகம். எஞ்சினியர், அவர் மனைவி, வரைபடம் போடும் பெண் ஒருத்தி, மனைவியின் தம்பி, அவ்வளவுதான் ஆட்கள். மனைவியை எல்லாரும் அக்கா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். தம்பியை, முப்பது வயதைத் தாண்டியிருந்தும், எல்லாரும் தம்பி என்றே கூப்பிட்டார்கள்.

என் கையால் போட்ட நெட்வொர்க்குகளிலேயே அதுதான் சிறந்தது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரியில் எல்லா வயரும் வந்து சேரும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஒவ்வொன்றிலும் அது எந்த மேசைக்குப் போகிறது என்று எழுதி ஒட்டினேன். வரைபடங்கள் எல்லாம் ஒரே சேமிப்புப் பெட்டியில் இருக்கும், எந்த மேசையில் உட்கார்ந்தும் திறக்கலாம். எஞ்சினியர் குனிந்து பார்த்துவிட்டு, "நீட்டா இருக்கு. இந்தப் பச்ச லைட்டு மட்டும் எதுக்கு மின்னிக்கிட்டே கெடக்கு, கண்ண உறுத்துது" என்றார். அவருடைய படிப்புக்கு அந்தக் கேள்விதான் எட்டியது.

அக்கா அப்படி இல்லை. உட்காரச் சொல்வார், காப்பி கொடுப்பார், பேசுவார். தம்பியைப் பற்றி அவரே சொன்னார்.

"வேல போனதுல இருந்து ரூம விட்டே வெளிய வரல. சாப்பாட்டக் கதவுகிட்ட வெச்சிட்டு வருவேன். சில நாள் வெச்சது வெச்சபடி இருக்கும். இப்பத்தான் கொஞ்சம் மனுஷனா எந்திரிச்சு உக்காந்திருக்கான். நீங்களும் அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க. அவனுக்கு இந்த வயரு, மெஷினுன்னா ரொம்பப் புடிக்கும்."

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் நிலைமை உனக்குத் தெரியாதா என்று நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். தெரியும்.

வேலை முடிந்து கொஞ்ச நாளில் வரைபடம் போடும் பெண்ணின் மேசையில் பெரிய கோப்புகள் திறக்கத் தாமதமாயின. போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பழசு, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் தலையாட்டினாள். மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னேன். அப்போது தம்பி மேசைக்கு அடியில் நுழைந்து வயரின் முனையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல ஒரு கம்பி உள்ள முழுசா போகல போலிருக்கு."

முனையை வெட்டிப் புதிதாகப் போட்டதும் கோப்புகள் உடனே திறந்தன. வரைபடம் போடும் பெண் கைதட்டினாள். எஞ்சினியர் என் தோளில் தட்டி, "பாத்தீங்களா எங்க மச்சான? இனிமே அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வயர்ல கை வைங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு கம்பி உள்ளே போகாமலிருக்க நூறு காரணம் உண்டு. நாற்காலி இழுத்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்ததில் பெரிய மூளை ஒன்றும் இல்லை, கண் இருந்தால் போதும். கண்ணையும் மூளையையும் ஒன்றென்று நினைக்கிற வீடு அது. அவர்களுக்கு மூளை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. அவ்வளவுதான்.

பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று இருந்தது. அந்த ரவுட்டரை என் கடையிலிருந்தே திறந்து மாற்ற முடியும். அதில் ஒரு விதி எழுதினேன். தம்பியின் போன் வீட்டு வைஃபையில் சேர்ந்தால், சற்று நேரத்தில் அலுவலகம் முழுக்க நெட் நின்றுவிட வேண்டும். அவன் போன் விலகினால் நெட் திரும்பி வர வேண்டும். வேறொன்றும் செய்யவில்லை. மற்றதை எல்லாம் அவர்களே செய்துகொண்டார்கள்.

முதலில் நெட் நிறுவனத்தைத் திட்டினார்கள். பிறகு மழையைத் திட்டினார்கள். அதற்குப் பிறகு வரைபடம் போடும் பெண் விளையாட்டாக, "தம்பி வந்தாச்சு, நெட்டு போச்சு" என்றாள். சிரித்தார்கள். அடுத்த முறை அவன் உள்ளே வந்ததும் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதற்கடுத்த முறை சிரிப்பைக் காணோம். ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த எஞ்சினியர், முக்கியமான வரைபடம் அனுப்ப வேண்டிய நாளில் மச்சானைத் தனியாக அழைத்து, "இன்னிக்கு ஒரு நாளு மட்டும் நீ வெளிய எங்கயாவது போயிட்டு வாயேன்" என்றார். அவன் போனான். நெட் ஒழுங்காக வேலை செய்தது. அன்றைக்கு அந்த வீட்டில் விஷயம் முடிவாகிவிட்டது. படித்தவர்களை நம்ப வைக்க ஆதாரம் நிறைய வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

ஒருவராவது என்னிடம், இது எப்படி நடக்கும் என்று கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. தம்பி மட்டும்தான் கடைக்கு வந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளு."

"எங்கிட்ட ஏதாவது இருக்குமா? உடம்புல? கரன்ட்டு மாதிரி."

கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான். நான் அவன் கையை வாங்கிப் பார்த்தேன். உடனே சொன்னால் மதிப்பிருக்காது.

"சில பேருக்கு அப்படி இருக்கும்னு சொல்வாங்க. நான் நம்பினதில்ல. இப்பத்தான் நேர்ல பாக்கறேன்."

அவன் தலையை ஆட்டினான். அழவில்லை. நான் உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொன்னான். கிளம்பும்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வாட்ச், பெல்ட், போன் எல்லாவற்றையும் இங்கேயே கழற்றி வைத்துவிட்டு வெறும் ஆளாகப் போய்ப் பார்க்கட்டுமா என்றான். சரியான யோசனை. கோளாறு தேடுகிறவன் அப்படித்தான் தேட வேண்டும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. போய்ப் பாரு என்றேன். அவன் போன் என் மேசையில் கிடந்தது. அவன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான் என்று தோன்றியபோது, நெட்டை நானே கடையிலிருந்து நிறுத்தினேன். அன்று மட்டும் என் கையால்.

வரைபடம் போடும் பெண் பிறகு என்னிடம் சொன்னாள். தம்பி வாசலுக்குள் கால் வைத்தான், எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நெட் போனது. அவன் இரண்டு கையையும் விரித்து, வெறுங்கையை, அக்காவிடம் காட்டினானாம்.

அதற்குப் பிறகு அவனே கேட்டை ஒட்டியிருந்த சாமான் அறைக்குப் போய்விட்டான். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஒரு கட்டில். அக்கா ஜன்னலில் நின்று, "நெட்டு போனா போகட்டும்டா. நீ உள்ள வா" என்பார். "வேணாங்க்கா, எல்லாருக்கும் வேல கெடும்" என்பான். பேங்க் பக்கம் போவதை நிறுத்தினான். லிஃப்ட் இருக்கும் கட்டடத்துக்குள் போக மாட்டான். யாராவது போனில் பேசிக்கொண்டு எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். ஒரு வளர்ந்த மனிதனின் தலைக்குள் இவ்வளவு இடம் காலியாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டு அழுதார். "எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க. மறுபடியும் அவன் கதவ மூடிக்குவானோன்னு பயமா இருக்கு." போனேன். அவர் கண் முன்னாலேயே பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். புதியதிலும் அதே விதியை எழுதினேன். பாதியில் விட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது. தம்பியை உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார், நெட் போனது. என்னிடம் மன்னிப்புக் கேட்டார், வீணாக அலைய வைத்துவிட்டதாக.

நீங்கள் கேட்கிற அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். எஞ்சினியரும் வரைபடம் போடும் பெண்ணும் கட்டடம் நடக்கிற இடத்துக்குப் போயிருந்தார்கள். அக்கா வரவேற்பறை மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், எழுந்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையோரமாகவே சரிந்து தரையில் உட்கார்ந்தார். "தம்பி" என்று கூப்பிட்டார். பெரிய குரல் இல்லை. ஆனாலும் அவன் ஓடி வந்தான். வாசற்படிக்கு வந்ததும் சுவரில் முட்டியவன் மாதிரி நின்றான்.

"அக்கா, நான் உள்ள வந்தா போன் போகாதேக்கா."

பிறகு உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்த தன் போனைத் தொடவில்லை. மேசையிலிருந்த அவருடைய போனை எடுத்து, சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் விரல் நுனியால் பிடித்து, அவர் கையில் வைத்தான்.

"நீ கூப்பிடு. நான் தூரமா போயிடறேன். நான் போனதும் லைன் கெடைக்கும். கூப்பிடுக்கா."

ஓடினான். தெருக்கோடி வரை ஓடினான் என்று பிறகு சொன்னார்கள். வழியில் கடைக்காரர் ஒருவர் என்னப்பா ஆச்சு என்று எழுந்து வந்ததற்கு, "என் கிட்ட வராதீங்க, அக்கா போன் பேசணும்" என்று கத்தினானாம். எஞ்சினியரின் கார் வரும் வரை அங்கேயே நின்றான். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடும் நிலையில் அவர் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். போனில் ஆளைக் கூப்பிடுவதற்கும் வீட்டு வைஃபைக்கும் சம்பந்தமே கிடையாது. நான் நிறுத்தியது நெட்டை மட்டும். அவன் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து கூப்பிட்டிருந்தால் முதல் மணியிலேயே எடுத்திருப்பார்கள், ஆம்புலன்ஸ் வந்திருக்கும். ஆகவே கோளாறு என் பக்கம் இல்லை. ஆனால் அவன் உங்கள் ஆட்களிடம், என்னாலதான், நான் உள்ள போனதாலதான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். எஞ்சினியரும் அதை நம்புகிறாராம். சாவு வீட்டில் அவனைப் படியேற விடவில்லையாம். அதைக் கேட்டுத்தான் வந்தேன். ஒரு காலிங் பெல்லைக்கூட அவனால் நிறுத்த முடியாது. அத்தனை நாளும் நடந்தது என் வேலை. ஒரு நாள்கூடத் தவறாமல் ஓடிய வேலை. அதை அவன் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருப்பதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்த அறையில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள், பேசியது உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். இவ்வளவு நேரத்தில் நீங்கள் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

வரவேற்பறைச் சுவரில் ஒரு கேமரா உண்டு. மாட்டியது நான். பேச்சும் கேட்கும். நெட் நின்றது அவர்களுக்குத்தான். எனக்கான பாதையை எப்போதும் திறந்து வைத்திருந்தேன். கடையில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஓடிய பிறகும் பார்த்தேன். அக்காவின் கையிலிருந்து போன் நழுவியது. அவர் வாசலைப் பார்த்தபடியே இருந்தார், ரொம்ப நேரம்.

ஆமாம், என் போன் பக்கத்தில்தான் இருந்தது. நான் ஏன் கூப்பிடவில்லை என்பதுதானே அடுத்த கேள்வி? அவனுக்காகக் காத்திருந்தேன். அடுத்த நொடி புரிந்துகொள்வான், திரும்பி ஓடி வந்து போனை எடுப்பான் என்று நினைத்தேன். அவனால் முடியும் என்று கடைசி வரை நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், அவன் மேல் நம்பிக்கை வைத்திருந்த ஒரே ஆள் நான்தான்.